ஆறு நாள் கடையை விட்டுட்டு பழனிக்கு நடந்த கதை: தொழில் செய்யும் முருகன் பிள்ளைகளுக்கு



 சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுறேன். எட்டு விசைத்தறி, ஒரு சின்ன ஆன்லைன் வேட்டிக் கடை. அப்பா காலத்தில் பட்டு வேட்டி, இப்போ பெரும்பாலும் காட்டன். சேலம் வெண்பட்டுன்னு புவிசார் குறியீடு வாங்கின வேட்டி எங்க பக்கத்து சரக்குதான், அதைச் சொல்லிக்கிறதில் ஒரு பெருமை உண்டு. இந்தக் குரூப்பில் நிறைய தம்பி தங்கைகள் சொந்தமா தொழில் ஆரம்பிச்சிருக்கீங்க. கொலுசுப் பட்டறை, பேக்கரி, இன்ஸ்டாவில் சேலை வியாபாரம், டிசைன் வேலைன்னு. உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், இருந்தாலும் படிங்க.

2023 ஆயுத பூஜை முடிஞ்ச வாரம். எங்க தெருவுக்கு அடுத்த தெருவில் நூல் வியாபாரம் பண்ற நண்பன் ஒருத்தன், என்னைவிட ரெண்டு வயசு பெரியவன், 38 வயசு. காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்திருக்கு. எடுக்கக் குனிஞ்சவனால் நிமிர முடியல. பக்கவாதம். வலது கை இன்னும் முழுசா வரல. அவனுக்கு சர்க்கரையும் பிபியும் ஏற்கெனவே இருந்தது, வேலையால்தான் வந்ததுன்னு எந்த டாக்டரும் சொல்லல, நானும் சொல்லமாட்டேன். ஆனா அவன் கடைசியா எப்போ ஒரு நாள் முழுசா லீவு எடுத்தான்னு அவன் வீட்டம்மாகிட்ட கேட்டேன். "கல்யாணத்துக்கு எடுத்தாருங்கண்ணா"ன்னாங்க. கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

அதே வாரத்தில்தான் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி ஐயா, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கணும்னு சொன்ன பேட்டி வந்துச்சு. எல்லா குரூப்பிலும் சண்டை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் 90-ஐத் தாண்டி ரொம்ப நாளாச்சு. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாத்தி விடறதில் ஆரம்பிச்சு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் கஸ்டமர் மெசேஜ். அதை நான் பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன். (2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அவர்களின் 90 மணி நேரப் பேச்சு வெளிவந்தப்போ, என் மனைவி அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, கீழே ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தாங்க.)

நண்பனைப் பார்த்துட்டு வந்த ராத்திரி, என்னைப் பத்தியே கொஞ்சம் யோசிச்சேன். தூக்கம் வரல, வந்தாலும் மூணு மணிக்கு முழிப்பு. எட்டு வருஷமா எங்கிட்ட தறி ஓட்டுற அண்ணனை, ஒரு பாவு அறுந்ததுக்காக எல்லார் முன்னாடியும் கத்தியிருந்தேன். அவர் ஒண்ணும் சொல்லல. மறுநாள் வரவும் இல்ல. கஸ்டமர் போன் பண்ணி "வேட்டி ரொம்ப நல்லாருக்கு"ன்னா, எனக்குள்ள ஒண்ணுமே ஆகல. முன்னெல்லாம் அப்படி ஒரு போன் வந்தா அன்னிக்கு முழுக்கப் பறப்பேன். அதைவிட மோசம், நூல் ஆர்டரில் 60-ஆம் நம்பர்னு போடவேண்டிய இடத்தில் 40-ன்னு போட்டு, வந்த சரக்கைத் திருப்பவும் முடியாம நின்னேன். பதினாலு வருஷமா இந்தத் தொழிலில் இருக்கிறவன் பண்ற தப்பா அது?

இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. பர்ன்அவுட். 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர்னு ஒரு அமெரிக்க மனநல நிபுணர் இதைப் பத்தி எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பேராசிரியை இதை அளந்து பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டுப் புத்தகத்தின் 11-ஆம் பதிப்பில் இதை விளக்கமாச் சேர்த்துச்சு. நோய்னு சொல்லல, வேலை சம்பந்தப்பட்ட நிலைன்னு சொல்லுது. மூணு அடையாளம்: சக்தி முழுக்க வடிஞ்சு போறது, வேலை மேல வெறுப்போ ஒட்டாத தன்மையோ வர்றது, செய்ற வேலையின் தரம் குறையறது. தூக்கம் போனது, பாராட்டு ஒட்டாதது, 60-க்கு 40 போட்டது. மூணும் எங்கிட்ட இருந்தது.

அந்த நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்றவங்களோட ஒப்பிட்டா, 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ செய்றவங்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு வகை இதய நோயில் இறக்கிற ஆபத்து 17 சதவீதம் அதிகம். அதைப் படிச்சப்போ நண்பனோட பிரஷ்தான் ஞாபகம் வந்தது.

சரி, ரெஸ்ட் எடுப்போம்னு முடிவு பண்ணேன். ஏற்காடு போனோம். சேலத்திலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம், 20 கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் கொரியர்காரர் போன். பன்னிரண்டாவதில் நூல் கடை. மேலே போய் லேடீஸ் சீட்ல நின்னு ஊரைப் பார்க்கும்போது, எந்தப் பக்கம் அம்மாபேட்டைன்னு தேடி, தறி ஓடுதா நிக்குதான்னு யோசிச்சிட்டு இருந்தேன். மறுநாள் திரும்பினப்போ போனதைவிட அலுப்பு. காசு செலவு பண்ணி இடம் மாறினேனே தவிர கடை என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அப்போதான் எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி, "பேசாம எங்ககூட பழனிக்கு நடந்து வாடா மாப்ள"ன்னாரு. அவர் இருபது வருஷத்துக்கு மேலா தைப்பூசத்துக்கு நடக்கிறவர். நான் சொன்ன பதில் நினைச்சா இப்போ வெட்கமா இருக்கு: "மாமா, நான் முருகனை வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வைக்கிறதோட சரி. ஆறு நாள் போனா கடை முழுகிப்போயிரும்."

அதுக்கு அவர் சொன்னது: "எடப்பாடிக்காரனுக்கு கடை இல்லையா?"

எடப்பாடி பருவதராஜகுலத்தார் காவடி பத்தி உங்களில் பாதிப்பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நம்ம சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து 350 வருஷத்துக்கு மேலா வழிவழியா பழனிக்கு நடந்து போறாங்க. தைப்பூசக் கூட்டம் ஓய்ஞ்ச பிறகு ஆயிரக்கணக்கில் போய்ச் சேருவாங்க. மலை மேலயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் அவங்களே செய்வாங்க. ஒரு ராத்திரி மலைமேல் தங்கும் உரிமை அவங்களுக்கு உண்டு, வேற யாருக்கும் அது இல்ல. எடப்பாடி விசைத்தறி ஊரு. சந்தை, வியாபாரம், ஓட்டல், தறிப்பட்டறை எல்லாம் இருக்கிற ஊரு. 350 வருஷமா வருஷத்துக்கு ஒருமுறை இத்தனை பேர் தொழிலை வச்சுட்டு நடந்திருக்காங்க, ஊரு முழுகிப் போயிடல.

இன்னொரு காவடி நகரத்தார் காவடி. இதைத் தேடிப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியம் தாங்கல. டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பத்தி ஒரு புத்தகம் போட்டிருக்கார். பழனியில் இருக்கிற நகரத்தார் அறப்பட்டயங்களை வச்சு அவர் சொல்ற கதை: பதினேழாம் நூற்றாண்டில் நெற்குப்பையைச் சேர்ந்த குமரப்பன் என்பவர் உப்பு வியாபாரத்துக்காகப் பழனி வந்தார். லாபத்தில் முருகனுக்கு ஒரு பங்குன்னு மகமை எடுத்து வச்சார். அந்தத் தொடர்பிலிருந்து வளர்ந்ததுதான் அந்த நடைப்பயணம். அதாவது, அந்தக் காவடியைத் தொடங்கி வச்சவரே ஒரு வியாபாரி. சந்நியாசி கிடையாது. கையில் சரக்கு, மனசில் கணக்கு, வாயில் முருகா. நம்மைப் போல ஆளு.

அவங்க தொழிலில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பர்மா, மலாயா, இலங்கைன்னு கடை வச்சிருந்த காலத்தில், அங்கே கடையை நடத்த அனுப்பற ஏஜெண்டுக்கு மூணு வருஷக் கெடு. கெடு முடியும்போது அடுத்தவர் வந்து, கணக்கை வரி வரியாப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, பழையவர் ஊருக்குக் கிளம்புவார். ஊரில் சில காலம் இருப்பார். அப்புறம்தான் திரும்ப வேலை. கடைக்குள்ளேயும் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்னு படிப்படியா ஆள் தயாராகிட்டே இருக்கும். எந்த ஆளு போனாலும் கடை ஓடற மாதிரி கணக்கு எழுதி வச்சிருக்கணும் என்பது அந்த முறையிலேயே இருக்கு. மூணு வருஷம் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிஞ்சு இருக்கிறது என்ன ஓய்வுன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். ஊரில் தனியா இருந்த அந்த ஆச்சிகள்கிட்ட கேட்டா வேற கதை சொல்லியிருப்பாங்க. நான் எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: "நான் இல்லாட்டி ஓடாது" என்பதை அவங்க திறமைன்னு நினைக்கல, கணக்கில் இருக்கிற ஓட்டைன்னு நினைச்சிருக்காங்க.

என் கடையில் எத்தனை ஓட்டைன்னு, கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்தில் தெரிஞ்சது. நூல் எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்பது என் தலைக்குள்ள மட்டும் இருந்தது. பேங்க் ஓடிபி என் போனுக்கு மட்டும் வரும். கூலி நோட்டு என் கையெழுத்தில், எனக்கு மட்டும் புரியும். வெப்சைட் பாஸ்வேர்டு எனக்கே பாதி நேரம் மறந்துபோகும். ஃபிட்டர் நம்பர்கூட "குண்டு அண்ணன்"னு சேமிச்சு வச்சிருந்தேன், வேற யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வொண்ணா மாத்தினேன். மனைவி பேர்ல தனியா ஒரு கணக்கு, அதில் ஆறு நாளைக்கு வேண்டிய பணம் மட்டும். கோவிச்சுக்கிட்டுப் போன தறிக்கார அண்ணன் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, "தப்பு என் பேர்லதாண்ணா"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவருக்குக் காபி ஆறிப்போற வரைக்கும் பேச்சே இல்ல. கடைசியில், "பாவை இறுக்கி வச்சே போட்டுட்டா நூலு தாங்குமா தம்பி"ன்னார். என்னைச் சொன்னாரா, தறியைச் சொன்னாரான்னு நான் கேட்கல. திங்கட்கிழமை வேலைக்கு வந்துட்டார். பட்டறைச் சாவி அவர்கிட்டதான் கொடுத்தேன்.

2024 தைப்பூசம் ஜனவரி 25, வியாழக்கிழமை. வேட்டிக்காரனுக்கு இது முருகனே பார்த்துப் போட்ட தேதி மாதிரி. பொங்கல் சீசன் அப்போதான் முடியும், கோடைக் கல்யாண ஆர்டர் இன்னும் சூடு பிடிச்சிருக்காது. 20-ஆம் தேதி சனிக்கிழமை. அன்னிக்குத்தான் ஜிஎஸ்டி 3பி-க்கும் கடைசி நாள். அதைப் போட்டு, கூலி பட்டுவாடா முடிச்சு, ராத்திரி மாலையோட கிளம்பினோம். ஸ்மார்ட்போன் வீட்டில். கையில் மாமாவோட பழைய பட்டன் போன், அந்த நம்பர் மனைவிக்கும் தறிக்கார அண்ணனுக்கும் மட்டும்.

சேலத்திலிருந்து ஈரோடு, காங்கேயம், தாராபுரம் வழியா பழனிக்கு 170, 180 கிலோமீட்டர் வரும். முதல் ராத்திரி நடக்கும்போது கை தானாவே சட்டைப் பைக்குப் போகுது, போனை எடுக்க. எண்ணிப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் பதினொரு தடவை. ரெண்டாம் நாள் கொப்புளம். மூணாம் நாள் காங்கேயம் பக்கம் வெயிலில், "என்னத்துக்குடா இந்த வேலை"ன்னு அழுகையே வந்திருச்சு. பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடலாம்னு மாமாகிட்ட சொன்னேன். அவர் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. "முதல்ல படுடா"ன்னார்.

நடைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குங்க, அது எனக்கு முன்னாடி தெரியாது. விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து நடந்தா ஒன்பது, ஒன்பதரைக்கு நிறுத்திடுவாங்க. வெயில் இறங்கற வரைக்கும் மண்டபமோ மரத்தடியோ, சாப்பாடு, தூக்கம். நான் புதுசு, உற்சாகத்தில் "இன்னும் ஒரு அஞ்சு கிலோமீட்டர் போயிடலாமே சாமி"ன்னு குருசாமிகிட்ட கேட்டேன். எழுபது வயசு மனுஷர். "போலாம் சாமி. நாளைக்கு உங்களை யாரு தூக்கிட்டு வர்றது?"ன்னார். காவடியையும் ஒருத்தரே கடைசி வரைக்கும் சுமக்கிறதில்ல. தோள் மாறிக்கிட்டே வரும். மாறும்போது ஒரு நொடி ரெண்டு பேர் தோளிலும் இருக்கும், அப்புறம்தான் முதல் ஆளு விலகுவார்.

மூணாம் நாள் மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் நாலு மணி நேரம் தூங்கினேன். எத்தனை வருஷத்துக்கு அப்புறம்னு தெரியல. எழுந்தப்போ தலைக்குள்ள ஓடிட்டே இருந்த தறிச் சத்தம் நின்னுருந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் இருக்கிறவன் நான், அது நின்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. ஒரு மயில் கத்துறது கேட்டுச்சு. முருகன் அனுப்பினார்னு சொல்ல ஆசைதான், ஆனா காங்கேயம் பக்கம் மயில் எங்க பார்த்தாலும் இருக்கு.

நாலாம் நாள் ராத்திரி குருசாமி ஒரு விஷயம் சொன்னார். பழனி மலைமேல ராக்காலப் பூஜை முடிஞ்சு சுவாமி பள்ளியறைக்குப் போகும்போது, அன்னிக்கு வரவு செலவு கணக்கை அவர் முன்னாடி வாசிப்பாங்களாம். வாசிச்சு ஒப்படைச்ச பிறகுதான் தாலாட்டு, நடை சாத்துவாங்களாம். "அவருக்கே கணக்கை மூடி வச்சுட்டுத்தான் தூக்கம் சாமி"ன்னார். நான் ராத்திரி ஒரு மணிக்கு கணக்கைத் திறந்து வச்சுக்கிட்டு தூங்க முயற்சி பண்ணினவன். இப்போ ஒன்பது மணிக்கு நானும் மனைவியும் உட்கார்ந்து அன்னிக்கு வந்தது போனதை நோட்டில் எழுதி, சாமி மாடத்தில் வச்சுடறோம். அதுக்கு மேல வர்ற மெசேஜ் காலையில்தான். ரெண்டு கஸ்டமர் கோவிச்சுக்கிட்டுப் போனாங்க. உண்மையைச் சொல்லணும்ல.

பூசத்தன்னிக்கு தரிசனத்துக்கு அவ்வளவு நேரம் வரிசையில் நின்னோம். உள்ளே போனா, ராஜ அலங்காரமெல்லாம் தெரியல எனக்கு, கூட்டத்தில் ஒரு கணம் தண்டும் முகமும். உலகத்தையே சுத்தி வந்தும் பழம் கிடைக்காம, எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நின்ன பிள்ளை. எங்க நூல்கடை நண்பன் இதைச் சொல்லித்தான் கிண்டல் பண்ணுவான்: "ஊரைச் சுத்தினவருக்கு பழம் போச்சுடா, வீட்டுக்குள்ள சுத்தினவருக்குத்தான் கிடைச்சது." அவனுக்காக ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கினேன். சர்க்கரை இருக்கிறதால ஒரு ஸ்பூன்தான் கொடுத்தாங்க வீட்டில். இடது கையால் நக்கிச் சாப்பிட்டான்.

பஸ்ஸில் ஊர் திரும்பி, 26-ஆம் தேதி காலையில் பட்டறைக்குப் போனேன். என்ன நடந்திருந்ததுன்னா, ஒரு பார்சல் அட்ரஸ் மாறி கோயம்புத்தூருக்குப் பதில் கோவில்பட்டி போயிருந்தது. ஒரு தறி ஒன்றரை நாள் நின்னிருந்தது. அவ்வளவுதான். இன்னொன்னு, தறிக்கார அண்ணன் ரெண்டு தறிக்கு ஊடை நூலை மாத்தி, நான் தப்பா வாங்கி மூலையில் போட்டிருந்த அந்த 40-ஆம் நம்பர் நூலில் துண்டு ஓட்டியிருந்தார். மூணு மாசமா அந்த நூலைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிஞ்சதே தவிர, துண்டு போடலாம்னு எனக்குத் தோணவே இல்ல. அந்தத் துண்டு ஆடிப் பண்டிகைக்குள்ள வித்துத் தீர்ந்தது.

ஆறு நாள் எல்லாருக்கும் முடியாது, தெரியும். ஒத்த ஆளா பேக்கரி நடத்துற தங்கச்சிகிட்ட போய், நடந்து வான்னு சொல்ல எனக்கு வாய் வராது. கடன் தவணை இருக்கிறவனுக்கு ஒரு நாள் மூடினாலே பயம். எங்க தாத்தா அமாவாசை அன்னிக்கு தறி தொடமாட்டார். மாசத்துக்கு ஒண்ணு. அதையாவது திரும்பக் கொண்டு வாங்க. அம்மாபேட்டை ஆளுங்களுக்கு குமரகிரி இருக்கு. சாயங்காலம் போனை வீட்டில் வச்சுட்டு படியேறி தண்டாயுதபாணியைப் பார்த்துட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு இறங்குங்க. படியேறும்போது யாராலும் லேப்டாப் பார்க்க முடியாது, அது ஒரு வசதி. தூக்கம் மாசக்கணக்கில் வரல, எதிலும் மனசு ஒட்டல, உயிரோட இருக்கிறதே பாரம்னு தோணுதுன்னா, நடையோ கோவிலோ மட்டும் போதாது, டாக்டரைப் பாருங்க. நானும் பார்த்தேன். காலையில் ஒரு பிபி மாத்திரை இன்னும் போகுது.

2025-இலும் நடந்தேன். அடுத்த தைக்கு நடக்கிறதில் இப்போ ஒரு சிக்கல். தறிக்கார அண்ணன் தானும் வர்றேன்னு சொல்லிட்டார், மாலை போடணும்னு குருசாமியையும் போய்ப் பார்த்துட்டு வந்துட்டார். அப்போ பட்டறைச் சாவி யார்கிட்ட? மனைவிகிட்ட கேட்டேன். "எட்டுத் தறியும் ஆறு நாள் நிக்கட்டும், நானும் பிள்ளைங்களும் பஸ்ல பழனிக்கு வந்து உங்களைப் பார்க்கிறோம்"னாங்க. ஆறு நாள் கூலி நான் கொடுக்கணும். எவ்வளவு வரும்னு நோட்டில் எழுதி மாடத்தில் வச்சிருக்கேன்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!

இந்த வருஷம் நடக்கப் போற சாமிகள் உங்க ஊரையும் கிளம்பற நாளையும் குரூப்பில் சொல்லுங்க, வழியில் பார்ப்போம்.